தை மாதக் கலியாணமும் கம்பத்து ஐஸும்

இரும்புக் கம்பத்தில் ஐஸ் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று, இந்த வேலைக்குப் புதிதாக வந்த உங்களுக்கு ஒரு கிழமை முழுக்க வகுப்பு வைத்திருப்பார்கள். சூடேற்றும் கம்பி, தெளிக்கும் மருந்து, ரப்பர்ச் சுத்தியல் எல்லாம் படித்து முடித்திருப்பீர்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பாதி எனக்கு மறந்தும் போய்விட்டது. புத்தகத்தில் பதில் இல்லாத ஒரு காலை நேரத்தில், கம்பத்துக்குக் கீழே தனியாக நின்று முடிவெடுக்கிறவனுக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். பெரும்பாலும் நல்ல ஏச்சு விழும். முதலில் அதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள், தம்பி தங்கச்சிமாரே.

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்தவன். தென் லண்டனில் உயரமான கட்டடங்களின் உச்சியில் நிற்கும் ரேடியோக் கம்பங்களைப் பராமரிக்கும் சிறிய கம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. மினிகேப்காரர்கள் "அடுத்த சவாரி எங்கே" என்று கேட்பதெல்லாம் அந்தக் கம்பங்கள் வழியாகத்தான் போகும். அதுவரை நான் கண்ட ஐஸ் மீன்பெட்டிக்குள்ளும் சர்பத்துக்குள்ளும் கிடந்த ஐஸ்தான். அது மேலே இருந்து தலையில் விழும் என்று யார் கண்டது?

முதல் மாரிக் குளிரிலேயே என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். ஒரு கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போகும் இரும்புப் படிகளில் ஐஸ் பிடித்திருந்தது. சுத்தமாக்கு என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் தேநீர் குடிக்கப் போனார். சுரண்டிச் சுரண்டிக் கை விறைத்துப் போய்விட்டது. அப்போது எனக்கு மூளை வேலை செய்தது. கீழே போய் நாலு கேத்தல் சுடுதண்ணீர் கொண்டுவந்து படிக்குப் படி ஊற்றினேன். ஐஸ் அப்படியே கரைந்து ஓடியது. இந்த வெள்ளைக்காரருக்கு இவ்வளவு காலமும் இது தெரியாமல் போயிற்றே என்று பரிதாபப்பட்டுக்கொண்டு ஒரு சிகரெட் பற்றவைத்தேன்.

சிகரெட் முடியவில்லை, மேற்பார்வையாளர் தேநீர்க் கோப்பையோடு மொட்டை மாடியின் மறுபக்கக் கதவால் வந்து மேல் படியில் கால் வைத்தார். நான் ஊற்றிய தண்ணீர் அதற்குள் கண்ணாடி போல் உறைந்திருந்தது. மனிதர் உட்கார்ந்த நிலையிலேயே ஏழு படியும் இறங்கி என் காலடிக்கு வந்து சேர்ந்தார். கோப்பையில் தேநீர் அப்படியே இருந்தது. அவர் அதில் ஒரு மிடறு குடித்துவிட்டு, கேத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லது, இப்போது இதை எப்படி எடுக்கப் போகிறோம்?" என்று கேட்டார். பிறகு என்னோடு குந்தியிருந்து மத்தியானம் வரை அவரும் கொத்தினார். வேலை போய்விட்டது என்று நினைத்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எங்கிருந்தாலும் வந்து உதைப்பார். எனக்கு அவர் சொல்லித் தந்த பெரிய விஷயங்கள் இரண்டு. ஐஸ் உறையும்போது அதற்குப் பயப்படாதே, அது இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், வெயில் வந்து எல்லாரும் சிரிக்கத் தொடங்கும்போதுதான் பயப்படு என்பது ஒன்று. இரும்புக்கும் ஐஸுக்கும் நடுவில் முதலில் ஈரமாகும். பிறகு முழுப் பாளமாகக் கழன்று வரும். மற்றது, காதால் பார்ப்பது. நீளமான ஸ்பானரின் ஒரு முனையைக் கம்பத்தின் காலில் வைத்து, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐஸ் கழலத் தொடங்கினால் பொரிகடலை கடிப்பது போல் உள்ளே சத்தம் கேட்கும்.

அவர் வேலையிலிருந்து இளைப்பாறிப் போன பிறகு புது மனேஜர் வந்தார். அவரோடு ஒரு கருவியும் வந்தது. கம்பத்தின் உச்சியில் விரல் நீளத்தில் ஒரு சின்னக் கோல். அதில் ஐஸ் படிந்தால் அது உணர்ந்து, டெலிபோன் லைன் வழியாகக் கம்பனிக் கந்தோருக்குச் சொல்லிவிட்டு, தன்னைத்தானே சூடாக்கி ஐஸைக் கொட்டிவிட்டு, திரும்பவும் காத்திருக்கும். நல்ல கருவிதான். மனேஜருக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி.

எண்பதுகள் முடியப்போகிற ஒரு தை மாதம். மார்கழியில் நம்மவர் கலியாணம் வைக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தை பிறந்தவுடன் வரிசையாக வைப்பார்கள். பஞ்சாங்கம் எழுதியவருக்கு லண்டன் தையைப் பற்றி என்ன கவலை? இரண்டு நாளாக உறையும் மூடுபனி. சனிக்கிழமை விடிய மூடுபனி விலகி, வானம் நீலமாகி, அருமையான வெயில் எறித்தது. காற்று என்ற பேச்சே இல்லை. நான் அந்த வார இறுதிக்குப் பொறுப்பு. கருவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் வெயிலைக் கண்டதும் கம்பனி வான் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தென் லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்தில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் முன்விளிம்பில் எங்கள் கம்பம் நின்றது. கீழ்த்தளத்தில் ஒரு மண்டபம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் வடை பொரியும் வாசம் அடிக்கிறது.

முன்வாசலில் பிளாஸ்டிக் வாழை மரம் இரண்டு. படியில் கோலம். கதவுக்கு மேலே ஒட்டுப்பலகையில் வெள்ளி எழுத்தில் மணமக்கள் பெயர். காஞ்சிபுரத்துக்கு மேலே கார்டிகன் போட்டு, செருப்புக்குள் காலுறை போட்ட பெண்கள் தட்டுகளோடு ஓடித் திரிந்தார்கள். எல்லாரும் வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். கம்பத்தின் தெற்குப் பக்கம் அடி முதல் நுனி வரை ஒரு கை தடிப்பில் வெள்ளையாக இருந்தது. அதற்கு நேர் கீழே அந்த வாசல்.

உள்படியால் ஓடி மேலே போய் ஸ்பானரை வைத்தேன். பொரிகடலைச் சத்தம் கேட்டது.

நீங்கள் கேட்பீர்கள், ஏறித் தட்டிவிட்டிருக்கலாமே என்று. கழலத் தொடங்கிய ஐஸுக்குக் கீழேதான் ஏறுகிறவன் ஏற வேண்டும். அதுவும் தனியாக. என் கூட்டாளி வேறொரு கம்பத்தில் நின்றான், வர இரண்டு மணித்தியாலம் ஆகும். ஆகவே கீழே இறங்கி, படியில் நின்றவர்களை உள்ளே அனுப்பி, முன்வாசலையும் நடைபாதையையும் வெளியே தடுப்பு வைத்து மறித்தேன். மண்டபத்துக் காவலாளியிடம் சாவி வாங்கிக் கண்ணாடிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பொக்கற்றில் போட்டேன். பிறகு மண்டபத்து டெலிபோனில் மனேஜரைக் கூப்பிட்டேன்.

கருவி விடிய ஆறு மணியிலிருந்து ஐஸ் இல்லை என்று சொல்கிறதே என்றார் அவர். அது பொய் சொல்லவில்லை. புதிதாக ஐஸ் பிடிக்கிறதா என்பதற்கு அது பதில் சொல்லியது. ஏற்கெனவே பிடித்தது என்ன செய்யப் போகிறது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. இதை அவருக்கு விளக்கினேன். அவர், "வாசலை மூடுவது உன் முடிவு. ஒன்றும் விழாவிட்டால் திங்கட்கிழமை நீதான் விளக்கம் சொல்ல வேண்டும்" என்று வைத்துவிட்டார்.

போனை வைத்துத் திரும்பினால் பெண்ணின் தகப்பனார் நிற்கிறார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி. ஊரில் கணக்கு மாஸ்டராக இருந்தவர், பக்கத்து ஊரான மோர்டனில் கடை ஒன்றில் வேலை என்று பிறகு அறிந்தேன். கோபத்தில் மனிதருக்குக் குளிரே தெரியவில்லை.

"தம்பி, வாசலைப் பூட்டினது நீரே?"

"ஓம் ஐயா. மேலை கம்பத்திலை ஐஸ் கழருது. விழுந்தால் நேரை இந்தப் படியிலைதான் விழும்."

"விழுமோ, விழாதோ? ஒரு சொல்லிலை சொல்லும்."

"தெரியாது, ஐயா."

"தெரியாதோ? தெரியாத விஷயத்துக்கே என்ரை மகளின்ரை கலியாண வாசலைப் பூட்டி வைச்சிருக்கிறீர்?"

"தெரியாதபடியால்தான் பூட்டினனான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கம்பத்து ஐஸ் முழுவதும் உருகியிருக்க வேண்டும். "நீர் எவ்விடம்?" என்று கேட்டார். சாவகச்சேரி என்றேன். "சாவகச்சேரியிலை இப்பிடி விசர் ஆக்கள் இல்லையே" என்றார். இந்த நேரத்தில் ஒரு மாமா வேறு வந்து சேர்ந்தார். "தம்பி, குசினியிலை ஒரு கிடாரம் சுடுதண்ணி கொதிக்குது. மேலை தூக்கிக்கொண்டு போய் ஊத்திவிட்டால் அலுவல் முடிஞ்சுது." அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்கு நன்றாகப் பழக்கமானது. காலில் விழாத குறையாக அவரைத் திருப்பி அனுப்பினேன்.

மாஸ்டர் விடுவதாக இல்லை. பத்தரைக்கு முகூர்த்தம். ஒன்பதரைக்கு மாப்பிள்ளை வந்து இறங்குவார். வாசலில் பலகை போட்டு, பெண்ணின் தம்பி செம்பும் தண்ணீருமாகக் குந்தி மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட, மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். அந்தத் தம்பி இருபது வயதுப் பெடியன், புது வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். ஒரே ஆண்பிள்ளை. "அண்ணை, அப்ப நான் எங்கை குந்துறது?" என்று என்னையே கேட்டான்.

"குசினிப் பக்கத்தாலை வரச் சொல்லலாம்" என்றேன். அந்தக் குசினி பின்னால் ஒட்டிக் கட்டிய தாழ்வான கட்டடம், கம்பத்துக்கு எட்டாத தூரம். அதை நான் முதலே நடந்து பார்த்திருந்தேன்.

"மாப்பிள்ளையைக் குசினி வாசலாலை கூப்பிடுறதோ! சம்பந்தி வீட்டுக்காரர் அப்பிடியே திரும்பிப் போயிடுவினம். என்ரை பிள்ளை மணவறையிலை தனிய இருக்கிறதோ?" குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை, பயந்துபோய் நிற்கிறார் என்று. நானும் பயந்துபோய்த்தான் நின்றேன். தடுப்பை எடுத்துவிட்டால் இந்த நிமிடமே எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிப்பார்கள். அந்த ஆசை வந்தது, அதை உங்களுக்கு மறைக்க மாட்டேன்.

ஏரியலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பாகைக் கணக்கில் பார்ப்பது எங்கள் வேலை. அதற்கு ஒரு நல்ல திசைகாட்டி எப்போதும் இடுப்பில் இருக்கும். அதை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"ஐயா, நீங்களே பாருங்கோ. இந்த வாசல் எந்தத் திசை?"

அவர் பார்த்தார். கணக்கு மாஸ்டர் அல்லவா, கையில் கருவி கிடைத்தால் பார்க்காமல் இருக்க முடியாது. "தெற்கு" என்றார். சொன்ன பிறகு அவர் முகம் மாறியது.

குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று திரும்பவும் பார்த்தார். சூரியன் வலது பக்கத்தால் அவருடைய முகத்தில் அடித்தது. "கிழக்கு. கொஞ்சம் வடக்கு விழுந்த கிழக்கு" என்றார் மெதுவாக. நம்பாமல் திசைகாட்டியை ஒருமுறை தட்டியும் பார்த்தார்.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. "கிழக்குப் பாத்த வாசல் இருக்க, தெற்கு வாசலிலை எவன் கோலம் போடச் சொன்னது? கெதியா நிறைகுடத்தை இஞ்சாலை தூக்குங்கோ. அந்த உருளைக்கிழங்கு மூட்டையை மட்டும் அங்காலை தள்ளுங்கோ" என்றார். ஐந்து நிமிடத்தில் நிறைகுடம், குத்துவிளக்கு, கசெட் மேளத்தின் பெரிய ஸ்பீக்கர் எல்லாம் இடம் மாறின. சம்பந்தி வீட்டாருக்கு ஐயரைக் கொண்டே திசையை எடுத்துச் சொல்ல ஏற்பாடாயிற்று. வாழை மரமும் பெயர்ப் பலகையும் முன்பக்கத்திலேயே நின்றன, அவற்றைக் கழற்ற யாரையும் நான் விடவில்லை.

மாஸ்டருக்கு மட்டும் ஆறவில்லை. திசைகாட்டியைத் திருப்பித் தரும்போது, "திங்கட்கிழமை உம்முடைய கந்தோருக்குப் போன் எடுப்பன். ஒண்டும் விழாட்டில் பாரும்" என்றார். எடுங்கோ ஐயா என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒன்பதரை. நான் முன்பக்கத்தில் தடுப்போடு தனியாக நின்றேன். மாப்பிள்ளையின் கார் வந்தது, அதைப் பின்பக்கம் திருப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் மேளம் தொடங்கியது. கசெட்காரர் ஒலியைக் கூட்டிய கூட்டில் கட்டடமே அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கால் கழுவுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம்தான் அது வந்தது. மேலே ஒரு சத்தமும் இல்லை. வெயிலில் ஏதோ மினுங்கியது போல் இருந்தது. அடுத்த கணம் படி முழுவதும் வெடித்துச் சிதறியது. ஒரு வாழை மரம் தட்டையாகக் கிடந்தது. கோலம் போட்ட இடத்தில் அரைக் கதவளவு ஐஸ் துண்டங்கள். உள்ளே ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, மேளம் முழங்கிக்கொண்டே இருந்தது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொலைநோக்கியால் கம்பத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தேன், இரும்பு வெறுமையாக நின்றது. மேலே போய் ஸ்பானரை வைத்துப் பத்து நிமிடம் கேட்டேன். அமைதி. பிறகுதான் படிக்குக் கிட்டப் போனேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும், அவசரப்படக் கூடாது.

கிட்டப் போனதும் பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. நடுவால் பிளந்து, மாப்பிள்ளையின் பெயர் ஒரு துண்டில், பெண்ணின் பெயர் மறு துண்டில், இரண்டும் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. சுத்தமாக, வாளால் அறுத்தது போல்.

நான் யார் என்பதை மறந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை விளக்கம் சொல்ல வேண்டியவன். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி உலகத்தில் கிடையாது. மண்டபத்துக் கதவைத் திறந்து, வந்து பாருங்கோ என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். நானூறு பேர் வந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு என்னைப் புகழ்வார்கள், பிறகு பலகையைப் பார்ப்பார்கள். தாலி ஏற இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. நம்மவரை எனக்குத் தெரியும். அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் தும்மினாலும் அந்தப் பலகையைத்தான் சொல்வார்கள்.

வண்டியிலிருந்து தும்புக்கட்டையையும் ஐஸ் அள்ளச் சவளையும் எடுத்துக்கொண்டு வந்து கூட்டத் தொடங்கினேன்.

பாதி கூட்டியிருப்பேன், கண்ணாடிக் கதவில் யாரோ தட்டினார்கள். உள்ளே மாஸ்டர் தனியாக நின்றார். மாப்பிள்ளையை நல்லபடியாகக் கூப்பிட்டு இருத்திவிட்ட தெம்பு முகத்தில் இருந்தது. ஒரு விரலை மேலே காட்டி, கையை விரித்து, "பாத்தீரோ, ஒண்டும் விழேல்லை" என்று வாயசைத்தார். பிறகு கீழே பார்த்தார்.

கதவைத் திறந்துவிட்டேன். அவர் வெளியே வந்து, ஐஸையும் நசுங்கின வாழையையும் பிளந்த பலகையையும் பார்த்தார். "எப்ப?" என்றார்.

"மேளம் தொடங்கின கையோடை, ஐயா."

"அந்த நேரம் என்ரை பெடியன்..." என்று தொடங்கினார். படியில் அவன் குந்தியிருந்திருக்க வேண்டிய இடத்தில் அவரே குந்திவிட்டார். பிறகு மனிதர் எழும்பி, பட்டுச் சால்வையை விரித்து, பலகைத் துண்டு இரண்டையும் அதில் சுற்றி, திருடிக்கொண்டு ஓடுகிறவர் மாதிரி என் வண்டிக்கு ஓடினார். திரும்பி வந்து என் கையில் இருந்த சவளைப் பறித்துக்கொண்டார். மகளின் முகூர்த்த நாளில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கணக்கு மாஸ்டர் மிச்சம் தெருவில் ஐஸ் அள்ளினார். இருவருக்கும் இடையில் சிரிப்பு எப்படி வந்தது என்று தெரியாது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

"முப்பது வரியம் படிப்பிச்சனான் தம்பி. தெரியாதெண்டு எழுதின ஒருத்தனுக்கும் நான் மார்க்ஸ் போட்டதில்லை" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. உள்ளேயிருந்து மனைவி அவரைத் தேடிக் கூப்பிடும் சத்தம் கேட்டதும் ஈர வேட்டியோடு ஓடிவிட்டார். பலகை எங்கே என்று பிறகு கேட்டவர்களுக்கு, காற்றுக்கு விழுந்துவிடும் என்று கழற்றி வைத்ததாகச் சொன்னாராம்.

கம்பனிப் பதிவில் நேரம், அளவு, இடம் எல்லாம் உள்ளபடி எழுதினேன். சம்பவத்தை ஒருபோதும் மறைக்காதீர்கள். மனேஜர் சாட்சி கேட்டார். ஐஸ் உருகிவிட்டது, மற்றதைக் காட்ட முடியாது என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னும் பின்னும் நான் எத்தனையோ வாசல்களைப் பூட்டியிருக்கிறேன். அநேகமாக ஒன்றும் விழுந்ததில்லை. சொட்டுச் சொட்டாக உருகிப் போயிருக்கும், நான் ஏச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். விழாத நாட்களிலும் பூட்டியது சரிதான். இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய கதையை முடித்துவிடுகிறேன். தாலி கட்டியாயிற்று. கூட்டாளி வந்து கம்பத்தைப் பார்த்துக்கொண்டான். மாஸ்டர் என்னை வேலை உடுப்போடு இழுத்துக்கொண்டு போய் முதல் பந்தியில், சம்பந்தி வீட்டாருக்கு நடுவில் இருத்தினார். வேறு யாரையும் எனக்குப் பரிமாற விடவில்லை. மகனைக் கூப்பிட்டு அவன் கையில் பாயாச வாளியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெடியனுக்கு ஒரே எரிச்சல். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அகப்பையை எடுத்தான். விரலில் புது மோதிரம் மினுங்கியது.

"அண்ணை, சீரியஸாக் கேக்கிறன், ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் அங்கை இருக்கினம். அப்பா ஏன் என்னையே உங்களுக்குப் போடச் சொல்லுறார்?"

"எனக்கெப்பிடித் தெரியும் தம்பி? இன்னும் கொஞ்சம் பாயாசம் விடும்" என்றேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே நிறைய விட்டான்.